மின்சாரம் கைமாறும் இடத்தில் பித்தளை

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இடிபடாமல் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்குள் பித்தளை இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று கூடத்துக் குத்துவிளக்கு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான். இன்னொன்று ரேழிச் சுவரில், தேக்குக் கட்டைமேல் பதித்த கறுப்பு உருண்டை ஸ்விட்சுக்குள் ஒளிந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு அதன் மூடியைத் திருகிக் கழற்றினால், பீங்கான் அடித்தளத்தில் இரண்டு பித்தளைத் துண்டுகளும், கம்பியைப் பிடித்திருக்கும் இரண்டு பித்தளை ஸ்க்ரூக்களும் தெரியும். குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்க்கிறோம். ஸ்விட்சுக்குள் இருக்கும் பித்தளையைக் கம்பி இழுத்த நாளுக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அந்த மறைந்த பித்தளையைப் பற்றியது இக்கட்டுரை. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்புக்கு ஈடு சொல்ல வெள்ளி ஒன்றுதான் உண்டு. பித்தளையோ செம்பு கடத்துவதில் கால்வாசிதான் கடத்தும். அப்படியிருந்தும் பிளக்கின் பின், ஹோல்டர், மீட்டர் டெர்மினல், நியூட்ரல் லிங்க், கேபிள் கிளாண்ட் என்று எதைத் திறந்தாலும் பித்தளையாகவே இருக்கிறது. ஏன்? எந்த இடத்தில் அது சரியான தேர்வு, எந்த இடத்தில் கைவிடுகிறது? அதற்குப் பதிலாக என்ன வருகிறது?

செம்பும் துத்தநாகமும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். சுவாமிமலைச் சிற்பங்கள் வெண்கல மரபைச் சேர்ந்தவை, நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் பித்தளை மரபைச் சேர்ந்தவை. காவிரிக் கரையில் ஒரே வட்டாரத்தில் இரண்டு மரபும் வாழ்கின்றன.

பித்தளை செய்வது ஒரு காலத்தில் எளிய வேலையாக இல்லை. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுப்பதே பெரிய கலை. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகிலுள்ள சாவரில், சுட்ட மண் குடுவைகளை வைத்து ஆவியைக் கீழ்நோக்கிக் குளிரச்செய்து துத்தநாகத்தைப் பெருமளவில் வடித்தார்கள். ஐரோப்பா அந்த வித்தையைப் பல நூற்றாண்டுகள் கழித்தே கண்டது. இன்றும் வார்ப்புப் பட்டறையில் செம்பை முதலில் உருக்கி, துத்தநாகத்தைக் கடைசியில்தான் போடுகிறார்கள். அப்போது எழும் வெண்புகை, ஆவியான துத்தநாகம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாவது.

கலவை விகிதம் மாறினால் குணமும் மாறும். துத்தநாகம் 35 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் வரை பித்தளை குளிர்ந்த நிலையிலேயே வளையும், தகடாகும், அச்சில் அமுக்கினால் கிண்ணமாகும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட கலவை இதற்குப் பெயர்போனது. தோட்டா உறைகள் அதில்தான் செய்யப்பட்டன. பல்பு ஹோல்டரின் உடலும் சாக்கெட்டின் கவ்வும் இந்த வகையைச் சேர்ந்தவை. துத்தநாகம் 40 விழுக்காட்டுக்கு ஏறினால் உலோகத்துக்குள் கடினமான இன்னொரு கட்டம் உருவாகும். அது குளிரில் முரண்டு பிடிக்கும், சூடாக்கினால் நன்றாக அச்சில் ஏறும். 1832இல் பர்மிங்ஹாமின் ஜார்ஜ் மன்ட்ஸ் காப்புரிமை பெற்ற 60:40 கலவை இந்த வகை.

மூன்றாவது வகைதான் மின்துறைக்கு உயிர்நாடி: கடைசலுக்கென்றே செய்த பித்தளை. அதில் ஏறத்தாழ 2 முதல் 3.5 விழுக்காடு ஈயம் கலந்திருக்கும். இந்தியாவில் இதற்கான தரக்குறியீடு ஐ.எஸ். 319. ஈயம் பித்தளையில் கரைவதில்லை, நுண்ணிய துளிகளாக உள்ளே சிதறி நிற்கும். லேத்தில் உளி பாயும்போது ஒவ்வொரு துளியிலும் சீவல் முறிந்து பொடிப்பொடியாக விழும். உளியில் சுற்றிக்கொள்ளாது. கடைவதற்கு எளிமை என்ற அளவுகோலில் இந்தப் பித்தளைக்கு 100 என்று வைத்துத்தான் மற்ற உலோகங்களை அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் தூய செம்புக்குக் கிடைப்பது 20 மட்டுமே.

கால்வாசிக் கடத்தல்

1913இல் உலக மின்நுட்ப ஆணையம் பதப்படுத்திய செம்பின் கடத்துதிறனை 100 என்று வைத்தது. அந்த அளவில் 5 விழுக்காடு துத்தநாகம் கலந்தாலே 56 ஆகிவிடும். 10 விழுக்காட்டில் 44, 20 விழுக்காட்டில் 32, 30 விழுக்காட்டில் 28. கடைசல் பித்தளைக்கு ஏறக்குறைய 26.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தூய துத்தநாகத்தின் கடத்துதிறனே 28ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பத்தில் ஏழு பங்கு செம்பு இருந்தும், பித்தளை துத்தநாகத்தைவிட மேலாகக் கடத்துவதில்லை. இதற்குக் காரணம் அணுக்களின் வரிசை. ஸ்ரீரங்கம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் ஒழுங்காக நிற்பதால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடறாமல் நடக்கலாம். அந்தத் தூண்களில் பத்துக்கு மூன்றை எடுத்துவிட்டு, அங்கங்கே வேறு பருமனுள்ள தூண்களை நட்டால் நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் மோதுவார். செம்பின் அணு வரிசைக்குள் துத்தநாக அணு நுழையும்போது எலக்ட்ரான்களுக்கு நேர்வது இதுதான். தூய செம்பிலும் தூய துத்தநாகத்திலும் அதனதன் ஒழுங்கு உண்டு. கலவையில் அந்த ஒழுங்கு குலைகிறது.

ஒரு பின்னின் கணக்கு

கால்வாசிதான் கடத்தும் என்றால் பித்தளை எப்படிப் பொருந்தும்? விடை ஒரு பிளக் பின்னிலேயே இருக்கிறது.

நம் வீட்டு உருண்டைப் பின்கள் 1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரக்குறியீட்டின் வழியில் வந்தவை. இந்தியாவில் ஐ.எஸ். 1293 அவற்றை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று வகைப்படுத்துகிறது. பெரிய பிளக்கில் மின்சாரம் பாயும் பின்னின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதில் 20 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். பித்தளையானால் அதன் மின்தடை சுமார் 33 மைக்ரோ ஓம். 16 ஆம்பியர் முழுதாகப் பாய்ந்தாலும் அந்தத் துண்டில் எழும் வெப்பம் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதே பின் செம்பாக இருந்தால் அதிலும் கால்வாசி. இரண்டுமே கையால் உணர முடியாத சூடு.

இப்போது பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தைக் கணக்கிடுவோம். இரண்டு உலோகப் பரப்புகள் தொடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் சில நுண்ணிய மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. பிடி இறுக்கமாக இருந்தால் அங்கே தடை ஒரு மில்லி ஓம் அளவில் நிற்கும். 16 ஆம்பியருக்கு அது கால் வாட் வெப்பம். பிடி தளர்ந்து, பரப்பு கறுத்து, தடை பத்தில் ஒரு ஓம் ஆகிவிட்டால் அதே 16 ஆம்பியர் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் தரும். ரேடியோ பழுதுபார்ப்பவர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சாக்கெட்டுக்குள் செருகிவிட்டு ஒரு மணி நேரம் விட்டதுபோல ஆகிவிடும்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்தேன். கீசர் பிளக்கை உருவியபோது ஒரு பின் மட்டும் நீலமும் பழுப்பும் ஓடிக் கிடந்தது. மற்றது புதுசுபோல மின்னியது. கருகிய பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உப்பி, மஞ்சளேறி, மீன் வாடை வீசியது. சாக்கெட்டைத் திறந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் டெர்மினல் ஸ்க்ரூ அரைச் சுற்று தானாகவே ஓடியது. “லூஸ் கனெக்‌ஷன் சார்” என்று ஒரே வரியில் முடித்தார். மேலே போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஆகவே தூரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது கம்பியின் வேலை, அதற்குச் செம்பும் அலுமினியமும் வேண்டும். கைமாறும் இடத்தில் மின்சாரம் கடக்கும் தூரம் சில மில்லிமீட்டர்தான். அங்கே கடத்துதிறனைவிட இறுக்கிப் பிடிக்கும் திறன் முக்கியம். மரை கூர்மையாக வெட்டப்பட வேண்டும், ஸ்க்ரூவை இறுக்கும்போது மரை வழுக்கக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது, விலையும் கட்டுப்பட வேண்டும். தூய செம்பில் மரை வெட்டினால் உலோகம் இழுபட்டுக் கந்தலாகும். இரும்பில் வெட்டினால் துரு ஏறும். பித்தளை இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறுகிறது. கடத்துவதற்காக அன்றி, பிடிப்பதற்காகவே மின்துறை பித்தளையைத் தேர்ந்தெடுத்தது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுதான்.

எங்கெல்லாம் இருக்கிறது

வீட்டுக்குள் மீட்டரின் டெர்மினல் கட்டை, கிட்கேட் ஃபியூஸின் தொடுமுனை, நியூட்ரல் லிங்க், சீலிங் ரோஸ், ஹோல்டர், சாக்கெட் எல்லாம் பித்தளை. ஸ்விட்சுகளில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. அணைக்கும்போது எழும் தீப்பொறியில் பித்தளையின் முகம் ஆக்சைடாகிக் கடத்தாமல் போகும். அதனால் தொடும் முனையில் வெள்ளிக் கலவைப் பொட்டு ஒன்றை அறைகிறார்கள். வெள்ளியின் ஆக்சைடு சூட்டில் சிதைந்து திரும்ப வெள்ளியாகிவிடும். பொட்டைத் தாங்கும் கை இன்றும் பித்தளையாகவே நீடிக்கிறது.

வயல்பக்கம் பம்ப்செட்டின் ஸ்டார்ட்டரில் கம்பிகள் முடியும் டெர்மினல்கள், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் புஷிங்கிலிருந்து நீளும் ஸ்டட், ஸ்லிப்ரிங் மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷைத் தாங்கும் கூடு ஆகியவை பித்தளைக்கு உரிய இடங்கள். தொழிற்சாலையில் கேபிள் நுழையும் வாயில் பித்தளை கிளாண்ட் இருக்கும். அதற்கென்று ஐ.எஸ். 12943 உண்டு. இதில் பித்தளையின் இன்னொரு குணம் கைகொடுக்கிறது: அது காந்தத்துக்கு மசியாது. பெரிய மின்னோட்டம் பாயும் ஒற்றைக் கேபிளைச் சுற்றி இரும்பு வளையம் போட்டால், மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் அந்த வளையத்திலேயே மின்சுழலை எழுப்பிச் சூடேற்றும். பித்தளை வளையத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

வானலைக் கருவிகளில் பித்தளைக்கு வேறு வேடம். அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலிலேயே ஓடும். நொடிக்கு நூறு கோடி அதிர்வில் செம்பில் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். பித்தளையைக் கடைந்து, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுத்தால் போதும், மின்சாரத்துக்கு அது முழு வெள்ளி. ஆன்டெனா இணைப்பிகள் பலவற்றின் இரகசியம் இது.

மின்சாரம் பிறக்கும் இடத்திலும் பித்தளை உண்டு. திருவெறும்பூர் பெல் ஆலை 1960களிலிருந்து செய்துவரும் கொதிகலன்கள் எழுப்பும் நீராவி, டர்பைனைச் சுழற்றியபின் கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராகிறது. அந்தக் கண்டென்சர்களின் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் நெடுங்காலம் ஒரு விழுக்காடு வெள்ளீயமும் துளி ஆர்சனிக்கும் சேர்ந்த பித்தளையில் செய்யப்பட்டன. கடல்நீர் பாயும் நிலையங்களில் அலுமினியம் கலந்த பித்தளை. இன்று அந்த இடத்தைத் துருவேறா எஃகும் டைட்டேனியமும் பிடித்து வருகின்றன.

எங்கே கைவிடுகிறது

பித்தளை கைவிடும் வழிகள் நான்கு. முதலாவது, மேலே கண்ட தளர்ச்சி. சூடேறும்போது பித்தளை இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். பகலும் இரவும், போடுவதும் அணைப்பதுமாக விரிந்து சுருங்கியே ஸ்க்ரூவின் பிடி விடுகிறது. சாக்கெட்டின் கவ்வு தொடர்ந்து 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் கிடந்தால் ஸ்பிரிங் குணத்தை இழந்து சோர்ந்துவிடும். தளர்ந்தால் சூடு, சூட்டினால் மேலும் தளர்ச்சி. இந்தச் சுழல் தொடங்கினால் தானாக நிற்காது.

இரண்டாவது, அலுமினியத்தோடு கூட்டு. சர்வீஸ் வயர் அலுமினியமாகவும் மீட்டர் டெர்மினல் பித்தளையாகவும் இருக்கும் வீடுகள் ஏராளம். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே கடத்தாத ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்ளும். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல வழிந்து விலகும். ஈரம் பட்டால் இரு உலோகங்களுக்கும் இடையே ஒரு சிறு பேட்டரி உருவாகி அலுமினியத்தை அரிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் நம் ஸ்ரீரங்கத் தீவில் ஈரத்துக்குக் குறைவில்லை.

மூன்றாவது, துத்தநாகம் மட்டும் கரைந்து போவது. உப்பும் ஈரமும் உள்ள மண்ணில் புதைந்த பித்தளை போல்ட்டிலிருந்து துத்தநாகம் வெளியேறி, செம்புப் பஞ்சு மட்டும் மிஞ்சும். வடிவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் இளஞ்சிவப்பாகும். ஸ்பானரை வைத்துத் திருகினால் பிஸ்கட்டைப்போல உதிரும். எர்த் இணைப்பில் இது ஆபத்து.

நான்காவதன் கதை இந்தியாவிலேயே நடந்தது. பிரிட்டிஷ் படையின் தோட்டா உறைகள் இங்கே மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. பருவத்தில் வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. உறைகள் லாயங்களின் அருகே வைக்கப்பட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, அச்சில் அமுக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கத்தைப் பயன்படுத்திப் பிளந்தது. 1921இல் மூர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆய்வில் உறுதிப்படுத்தினார்கள். செய்து முடித்த பொருளை 250 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரம் சூடாக்கினால் அந்த இறுக்கம் தணியும்.

இந்தக் கதை நமக்கு இன்றும் பாடம். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஸ்விட்ச் போர்டு வைக்கிறோம். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குக் கீழேயே யூரியா மூட்டையை அடுக்குகிறோம். ஈரம் பட்ட யூரியாவிலிருந்தும் அமோனியா வரும். ஸ்டார்ட்டருக்குள் டெர்மினல்கள் நீலப்பச்சை பூத்துக் கிடந்தால், கம்பெனியைக் குறைசொல்லும் முன் மூட்டையை இடம் மாற்ற வேண்டும்.

ஈயம் என்ற சிக்கல்

பித்தளையை எளிதாகக் கடைய உதவும் ஈயம் உடலுக்கு நஞ்சு. ஸ்விட்சைத் தொடுபவருக்கு இதனால் கேடில்லை. உலையடியில் நின்று பழைய பித்தளையை உருக்குபவருக்கும், காயிலான் கடையில் பிரித்து எரிப்பவருக்கும்தான் கேடு. 2006இல் ஐரோப்பா மின்கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும், செம்புக் கலவைகளில் 4 விழுக்காடு வரை விலக்கு அளித்தது. மாற்று எளிதில் கிடைக்காததே காரணம். இப்போது சிலிக்கானையும் பிஸ்மத்தையும் சேர்த்து ஈயமில்லாப் பித்தளை வந்திருக்கிறது. விலை கூடுதல், உளியும் சீக்கிரம் தேயும்.

இந்தியாவில் மின்துறைப் பித்தளைப் பாகங்களின் தலைநகரம் குஜராத்தின் ஜாம்நகர். ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் பழைய பித்தளையை உருக்கிக் கம்பியாக்கி, பின்னும் ஸ்க்ரூவும் கிளாண்ட்டுமாகக் கடைந்து நாடெங்கும் அனுப்புகின்றன. திருச்சி வாங்கும் ஊர். 1928இலிருந்து பொன்மலை ரயில்வே பணிமனையும், பின்னர் துவாக்குடி, அரியமங்கலம் தொழிற்பேட்டைகளும் இங்கே வளர்த்த கைத்திறன் பெரும்பாலும் இரும்பிலும் எஃகிலும்தான். நூறு கிலோமீட்டருக்குள் கும்பகோணத்தின் வார்ப்பு மரபு இருக்கிறது. கடைசல் கையும் வார்ப்புக் கையும் இவ்வளவு அருகில் இருந்தும், ஈயமில்லாப் பித்தளையில் மின்பாகங்கள் செய்யும் தொழில் இந்த வட்டாரத்தில் வேர்விடவில்லை. முயலத் தகுந்த தொழில் என்றே நான் கருதுகிறேன்.

போட்டியும் போலியும்

பித்தளையின் இடத்தை மற்ற உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கின்றன. ஸ்பிரிங் குணம் வேண்டிய இடத்தில் பாஸ்பர் வெண்கலமும், சூடும் துல்லியமும் சேர்ந்த இடத்தில் பெரிலியம் செம்பும் மேலானவை. பெரிய மின்னோட்டத்துக்கு ஈயப்பூச்சிட்ட செம்பு லக்கே சரி. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதும் டெர்மினலுக்கு மேலே பூசுவதும் ஒரே வெள்ளீயம்தான், உலோகம் களிம்பேறாமல் காப்பதுதான் இரண்டிலும் நோக்கம். ஆனாலும் விலை, மரை, கடைசல், மறுசுழற்சி என நான்கையும் சேர்த்து நிறுத்தால் அன்றாட இணைப்புகளில் பித்தளைக்கு இன்னும் நிகரில்லை.

உண்மையான ஆபத்து கடைத்தெருவில் இருக்கிறது. முலாம் தேய்ந்தால் பித்தளை இளிக்கும் என்பது பழைய பேச்சு. இன்று மலிவு பிளக்குகளில் பித்தளை முலாம் தேய்ந்து இரும்பு இளிக்கிறது. இரும்பு பித்தளையைவிடக் குறைவாகக் கடத்துவதோடு, துருவேறித் தொடுமிடத்தையே கெடுத்துவிடும். சாக்கெட்டின் கவ்வுத் தகட்டை மெலிதாக்கிக் காசு பார்ப்பவர்களும் உண்டு. பின் பளபளப்பாக இருக்கும், பிடி இருக்காது.

வாசகர்கள் செய்யக்கூடியவை மூன்று. பிளக், சாக்கெட் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் சிறு காந்தம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பின் ஒட்டினால் அதை வாங்காதீர்கள். நிக்கல் பூச்சு பின்னில் மெல்ல இழுக்கலாம், இரும்பானால் கப்பென்று பிடிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். கீசர், ஏ.சி., மோட்டார் ஆகியவற்றின் பிளக் சூடேறினால் அன்றே மாற்றுங்கள், கறுத்த பின்னைத் தேய்த்து மறுபடி செருகாதீர்கள். மூன்றாவது, ஆயுத பூஜை. அன்று மீட்டர் பெட்டிக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதற்கு முந்தைய நாள் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, போர்டைத் திறந்து ஒவ்வொரு பித்தளை ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள்.